துளையின் அளவு

டி.எஸ். கனகா என்ற பெயரைச் சொன்னால் அடுத்த வரி தயாராக இருக்கிறது: ஆசியாவின் முதல் பெண் மூளை அறுவை மருத்துவர். நூறு தடவைக்கும் மேல் ரத்ததானம் செய்து லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றவர் என்பது அதற்கடுத்த வரி. இரண்டும் உண்மைதான். ஆனால் 'முதல் பெண்' பட்டத்துக்கு ஒரு குணம் உண்டு. வாசலிலேயே நிறுத்தி மாலை போட்டு அனுப்பிவிடும். உள்ளே போய் அந்த மனுஷி இத்தனை வருஷம் என்ன செய்தார் என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

கனகா செய்தது ஸ்டீரியோடாக்டிக் அறுவை. வழக்கமான மூளை அறுவையில் மண்டையோட்டின் ஒரு பாகத்தை அறுத்தெடுத்து, மூளையைப் போர்த்தியிருக்கும் டியூரா சவ்வைக் கீறி, மூளையைக் கண்ணால் பார்த்தபடி வேலை செய்வார்கள். ஸ்டீரியோடாக்டிக் முறையில் ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு துளைதான். அதன் வழியே மெல்லிய ஊசி ஒன்று, பல சென்டிமீட்டர் ஆழத்தில், கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்துக்குப் போகும். கிணறு வெட்டுகிறவனுக்கு மண்ணும் பாறையும் அடிக்கு அடி கண்ணில் படும். போர் போடுகிறவன் புள்ளி குறித்துக் கொடுத்தவரை நம்பிக் குழாயை இறக்குகிறான். இங்கே புள்ளி குறிப்பவரும் குழாய் இறக்குபவரும் ஒரே ஆள். தப்பிப்போனால் நாலடி தள்ளி இன்னொன்று போட்டுப் பார்க்கலாம் என்ற வசதியும் கிடையாது.

கனகா 1932-ல் சென்னையில் பிறந்தவர். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தார். 1962 சீனப் போரின்போது ராணுவத்தில் அதிகாரியாகப் பணியாற்றினார். 1963-ல் பொது அறுவையில் எம்.எஸ்., 1968-ல் நரம்பியல் அறுவையில் எம்.சிஎச். மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு ஸ்டீரியோடாக்டிக் அறுவை செய்வது பற்றிய ஆய்வுக்காக 1972-ல் பிஎச்.டி. அவருக்கு முன்னால் இந்தத் துறையில் உலகம் முழுக்கத் தேடினாலும் பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். புக்கரெஸ்ட்டில் சோஃபியா இயோனெஸ்கு, போர்க்காலத்தில் ஆள் இல்லாமல் 1944-ல் கத்தியைக் கையில் எடுத்தவர். இங்கிலாந்தில் டயானா பெக். 'வின்னி த பூ' எழுதிய ஏ.ஏ. மில்னுக்கு 1952-ல் மூளையில் அறுவை செய்தவர் இவர்தான். குழந்தைகளுக்காகக் கரடிக் கதை எழுதியவரின் மூளையைத் தொட்டவர் என்பதால்தான் அவர் பெயர் எனக்கு நினைவில் நின்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தமிழ்நாட்டில் மூளை அறுவை என்ற துறை ஒரு வருஷ இடைவெளியில் இரண்டு ஊர்களில் தொடங்கியது. 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி. 1950-ல் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசுப் பொது மருத்துவமனையான ஜி.எச்.சில் பா. ராமமூர்த்தி. சீர்காழியில் பிறந்து, நியூகாசிலில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர். அவரைச் சுற்றி வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன், கனகா என்று ஒரு குழு சேர்ந்தது. அறுபதுகளில் ஸ்டீரியோடாக்டிக் அறுவை என்றால் வெளிநாட்டு மருத்துவர்களும் திரும்பிப் பார்க்கும் இடமாக அவர்கள் மெட்ராஸை ஆக்கினார்கள்.

ஏன் இந்த ஊரில், ஏன் இந்த முறை? என் ஊகம் இது. ஒரு அரசு ஆஸ்பத்திரிக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. மரப்பு ஊசி போதும், முழு மயக்கம் வேண்டாம். ரத்தம் அதிகம் போகாது, பாட்டில் பாட்டிலாக ஏற்ற வேண்டியதில்லை. நோயாளி சீக்கிரம் எழுந்து நடப்பார், கட்டில் காலியாகும். தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களைத் தாண்டி வார்டுக்குப் போகிற மருத்துவருக்குக் கட்டில் காலியாவது பெரிய விஷயம்.

முறையின் வேர் லண்டனில் இருக்கிறது. விக்டர் ஹார்ஸ்லி, ராபர்ட் கிளார்க் இருவரும் விலங்குகளின் மூளையில் குறிப்பிட்ட புள்ளியைத் தொடுவதற்கான சட்டம் ஒன்றை 1908-ல் விரிவாக விவரித்தார்கள். அதை மனிதனுக்குக் கொண்டுவர ஏறத்தாழ நாற்பது வருஷம் ஆனது. மனிதர்களின் மண்டையோடு ஆளுக்கொரு அளவு; வெளியே இருக்கும் எலும்பை வைத்து உள்ளே இருப்பதைக் கணக்கிட்டால் பிசகும். 1947-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஸ்பீகலும் வைசிஸும் எலும்பை விட்டுவிட்டு, மூளைக்குள்ளேயே எக்ஸ்ரேயில் தெரியும் அடையாளங்களைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் இதைச் செய்யப் புறப்பட்ட காரணம், பின்னாளில் இந்த அறுவை அதிகம் பயன்பட்ட உதறுவாதம் (பார்க்கின்சன் நோய்) இல்லை. அப்போது மனநோயாளிகளுக்குப் பரவலாகச் செய்யப்பட்டுவந்த, மூளையின் முன்பகுதி இணைப்புகளை அறுத்துவிடும் லோபாட்டமியின் சேதத்தைக் குறைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

சி.டி. ஸ்கேன் உலகத்துக்கு வந்ததே 1971-ல். அதற்கு முன்னால் ஒரு மருத்துவர் இந்த அறுவையை எப்படிச் செய்திருப்பார் என்று பார்த்தால்தான் கனகாவின் கை எப்படிப்பட்ட கை என்று புரியும்.

தலையை மொட்டையடித்து, நாலு இடத்தில் மரப்பு ஊசி போட்டு, உலோகச் சட்டத்தின் நாலு ஆணிகளையும் மண்டையோட்டில் திருகி முடுக்குவார்கள். ஊசி வலிக்கும், ஆணி அழுத்தும். பிறகு துளை. துரப்பணம் எலும்பில் ஓடும் சத்தம் காதின் வழியே வராமல் தலைக்குள்ளிருந்தே கேட்கும். டியூரா சவ்வு வலியை உணரும். அதைத் தாண்டிவிட்டால் மூளைக்கு வலி தெரியாது. மூளையின் நடுவே திரவம் நிறைந்த அறைகள் இருக்கின்றன. அவற்றில் காற்றையோ சாயத்தையோ செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். காற்று ஏற்றினால் தலைவலி பிளக்கும், வாந்தி வரும். இந்த அவஸ்தையெல்லாம் ஃபிலிமில் ஒரு நிழலுக்காக. அந்த நிழலின் முன் ஓரத்தில் ஒரு நரம்புக் கட்டு, பின் ஓரத்தில் ஒரு நரம்புக் கட்டு. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளத்தில் பென்சிலால் ஒரு கோடு. அந்தக் கோட்டிலிருந்து பக்கவாட்டில் இத்தனை மில்லிமீட்டர், மேலே இத்தனை, பின்னால் இத்தனை என்று எண்ணித்தான் மூளையின் ஆழத்தில் உள்ள தாலமஸுக்குள் இருக்கும் இலக்கை அடைய வேண்டும். கணக்குக்குத் துணையாக மூளையின் அட்லஸ் ஒன்று இருக்கும். ஷால்டன்பிராண்டும் பெய்லியும் 1959-ல் வெளியிட்டது பிரசித்தமானது. ஆனால் அட்லஸில் இருப்பது எப்போதோ செத்துப்போன வேறு யாரோ ஒருவருடைய மூளை. மேஜையில் படுத்திருப்பவருடையது அதிலிருந்து எவ்வளவு விலகும் என்பதை அட்லஸ் சொல்லாது.

அதைச் சொல்ல வேண்டியவர் நோயாளி. அதனால்தான் அவர் விழித்திருக்கிறார். மின்முனை உள்ளே போனதும் மெல்லிய மின்சாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். "விரல் நுனியில ஏதாவது மதமதன்னு இருக்கா?" இருக்கிறது என்றால் ஊசி உணர்வுப் பகுதியை ஒட்டிப் பின்னால் போய்விட்டது. வாயின் ஓரம் இழுத்துக்கொண்டால், பேச்சு குழறினால், கைகால்களை இயக்கும் நரம்புப் பாதைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அங்கே சுட்டுவிட்டால் பக்கவாதம். சில மில்லிமீட்டர்தான் வித்தியாசம். "ஒண்ணுலேருந்து இருபது வரைக்கும் எண்ணுங்க." "கையைத் தூக்குங்க, அப்படியே வச்சிருங்க." இடம் சரியாக அமைந்துவிட்டால், வருஷக்கணக்காக ஓயாமல் உதறிய கை நின்றுவிடும். மெதுவாகக் குறைந்து இல்லை, சட்டென்று. அதன்பிறகு மின்முனையின் நுனியை எழுபது டிகிரி அளவுக்குச் சூடேற்றி, ஒரு நிமிஷம் போல வைத்து, சில மில்லிமீட்டர் அகலத்துக்குத் திசுவை அவித்துவிடுவார்கள். தம்ளர் தண்ணீரைக் கையில் கொடுத்துக் குடிக்கச் சொல்வார்கள். காகிதத்தில் சுருள் வரையச் சொல்வார்கள். துளையை மூடித் தையல் போட்டால் முடிந்தது.

இப்படி ஒரு வைத்தியம் சாத்தியம் என்று உலகம் நம்பத் தொடங்கியதில் ஒரு விபத்துக்கும் பங்கு உண்டு. 1952-ல் நியூயார்க்கில் இர்விங் கூப்பர், உதறுவாத நோயாளி ஒருவருக்கு வேறொரு அறுவை செய்துகொண்டிருந்தபோது ஒரு சிறு ரத்தக்குழாய் கிழிந்தது. அதைக் கட்டிவிட்டு, நினைத்து வந்த அறுவையைச் செய்யாமலே தலையை மூடிவிட்டார். நோயாளி கண் விழித்தபோது நடுக்கம் இல்லை. 1967-க்குப் பிறகு உதறுவாதத்துக்கு எல்-டோபா என்ற மாத்திரை வந்ததும் மேற்கே பல இடங்களில் ஸ்டீரியோடாக்டிக் தியேட்டர்கள் தூங்கிப்போயின. மெட்ராஸ் தூங்கவில்லை. கனகா எம்.சிஎச். முடித்ததே அந்தச் சமயத்தில்தான்.

இதுவரை சொன்னதில் தயக்கத்துக்கு இடமில்லை. கை உதறுகிறது, நிறுத்த வேண்டும் என்று நோயாளியே கேட்கிறார், நின்றால் அவரே சாட்சி. ஆனால் அதே சட்டம், அதே துளை, அதே ஊசி மூளையின் எந்த இடத்துக்கும் போகும். தாலமஸுக்குச் சற்று தள்ளி, கீழே, அமிக்டலா இருக்கிறது. பயமும் கோபமும் புழங்கும் இடம். ஜப்பானில் நராபயாஷி, அடங்காத குழந்தைகளுக்கு அமிக்டலாவில் எண்ணெயும் மெழுகும் கலந்து செலுத்தி அதன் ஒரு பகுதியைச் செயலிழக்கச் செய்ததை 1963-ல் வெளியிட்டார். மெட்ராஸ் குழுவும் அந்தப் பாதையில் போனது. மிகை இயக்கம், வெறி, கண்டதை உடைத்தல், வீட்டை விட்டு ஓடிவிடுதல் என்று அழைத்துவரப்பட்டவர்களுக்கு, அவர்களில் கணிசமானவர்கள் குழந்தைகள், அமிக்டலாவிலும் ஹைப்போதாலமஸிலும் சூடுவைத்தார்கள். அமைதிப்படுத்தும் அறுவை என்ற பொருளில் அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். பாலசுப்பிரமணியம், கனகா, ராமமூர்த்தி பெயர்களில் 1970 வாக்கில் கட்டுரைகள் வந்தன. போதைப் பழக்கத்துக்காகவும் மூளையின் இன்னொரு பகுதியில் இதேபோல் செய்தார்கள். 1988-ல் ராமமூர்த்தி நீண்டகாலக் கணக்கைத் தொகுத்து வெளியிட்டபோது நடத்தைக் கோளாறுக்கான அறுவைகளின் எண்ணிக்கை 600-ஐத் தாண்டியிருந்தது.

கனகாவைப் பற்றிய பாராட்டுக் கட்டுரைகள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகின்றன. வெளிநாட்டில் மனஅறுவையைக் கண்டித்து எழுதியவர்களோ இந்த இடத்தில் மட்டும் நின்றுகொண்டு மெட்ராஸை ஒரு பூதமாகக் காட்டினார்கள். இரண்டுமே எனக்கு உவப்பாக இல்லை.

அந்தக் குழந்தைகளின் வீட்டை யோசித்துப் பார்க்க வேண்டும். சிறப்புப் பள்ளி, நடத்தைப் பயிற்சி, வீட்டுக்கு வந்து பார்க்கும் ஆலோசகர் என்று எதுவும் இல்லாத காலம். பிள்ளை தலையைச் சுவரில் மோதுகிறான், தங்கையைக் கடிக்கிறான், தெருவில் லாரிக்கு முன்னால் ஓடுகிறான். அப்பா வேலைக்குப் போக வேண்டும். அம்மா அவனை முன்வீட்டுத் தூணில் கட்டிப்போட்டுவிட்டுத்தான் அடுப்படிக்குப் போக முடியும். இல்லாவிட்டால் ஏதாவது தர்கா, ஏதாவது கோயில். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் போனவர்கள். இருபத்தொன்றாம் நூற்றாண்டிலேயே நம் ஊர் நிலைமை அது என்றால், 1968-ல் ஒரு தாய் ஜி.எச். வாசலில் நின்று என்ன கேட்டிருப்பாள் என்று ஊகிக்கக் கஷ்டமில்லை. அவளைத் திருப்பி அனுப்பிய மருத்துவர் நல்லவர், உள்ளே அழைத்தவர் கெட்டவர் என்று இன்று குளுகுளு அறையில் உட்கார்ந்து என்னால் எழுத முடியாது.

ஆனாலும் மெட்ராஸ் குழுவின் அந்தக் கட்டுரைகளில் ஒன்று உறுத்துகிறது. பலனைத் தரம் பிரித்த விதம். மருந்து இல்லாமல் இருக்க முடிகிறதா, பிறரோடு கலந்து பழக முடிகிறதா, சாதுவாகிவிட்டானா, மருந்து கொடுத்தாலாவது சமாளிக்க முடிகிறதா என்று படிப்படியாகப் போகிறது. எல்லாமே அவனைச் சுற்றி இருப்பவர்களின் சங்கடம் எவ்வளவு குறைந்தது என்பதன் அளவு. கை உதறியவரிடம் தண்ணீர்த் தம்ளரைக் கொடுத்துக் கேட்டார்கள். இந்தப் பையனிடம் கேட்பதற்கு அப்படி ஒரு தம்ளர் இல்லை. கேட்டாலும் பலருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அறுவைக்குச் சம்மதம் கொடுத்தது குடும்பம், பலனுக்குச் சாட்சி சொன்னதும் குடும்பம்.

இங்கேதான் துளையின் அளவு எனக்கு முக்கியமாகப் படுகிறது. மண்டையைத் திறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் அந்தக் குடும்பங்களில் பாதி திரும்பிப் போயிருக்கும். மருத்துவர்களும் இன்னும் ஒருமுறை யோசித்திருப்பார்கள். "சின்ன ஓட்டைதான், தையல்கூடப் பெரிசா இருக்காது, சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்" என்று சொல்ல முடிகிறபோது கேள்விகள் சுருங்கிவிடுகின்றன. வெளியே ஆகும் காயம் குறையக் குறைய உள்ளே செய்வதற்கான துணிச்சல் கூடுகிறது. இதன் கோரமான எல்லை மெட்ராஸில் இல்லை, அமெரிக்காவில் இருக்கிறது. 1946 முதல் வால்டர் ஃப்ரீமன், துரப்பணம்கூட இல்லாமல், கண்குழியின் மேல் எலும்பு வழியாக ஐஸ் உடைக்கும் ஊசியைத் தட்டி இறக்கி, சில நிமிஷங்களில் லோபாட்டமி செய்தார். அவர் அறுவை மருத்துவரே இல்லை. வெளியே கண்ணைச் சுற்றி ஒரு கறுப்பு வீக்கம் மட்டும். சில நாளில் அதுவும் மறைந்துவிடும். காயத்தின் அளவைப் பார்த்தால் அதுதான் அந்தக் காலத்தின் மிகச் சிறிய மூளை அறுவை.

ஃப்ரீமனையும் கனகாவையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம். ஒருவர் மில்லிமீட்டருக்காகத் தவம் கிடந்தவர். மற்றவர் மில்லிமீட்டரைப் பற்றிக் கவலைப்படாதவர். ஆனால் குறைவாக அறுப்பதே நல்லது என்ற ஒரே அளவுகோலைக் கையில் வைத்திருந்தால் இந்த இருவரையும் பிரித்துக் காட்ட அதனால் முடியாது. வேறு அளவுகோல் வேண்டும். அதைச் சட்டம் மிகத் தாமதமாகத்தான் எழுதியது. 2017-ஆம் ஆண்டின் இந்திய மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்காக மூளையில் அறுவை செய்வதற்கு இரண்டு நிபந்தனைகளை வைக்கிறது: அறுவைக்கு உள்ளாகிறவரே விவரம் அறிந்து சம்மதிக்க வேண்டும், அதற்கான வாரியமும் அனுமதிக்க வேண்டும். அண்ணனோ அப்பாவோ கையெழுத்துப் போட்டால் போதாது. துளை எவ்வளவு பெரியது என்று சட்டம் கேட்கவில்லை.

கனகாவின் பாதை அந்தச் சூட்டு முறையோடு முடியவில்லை. 1975-ல் அவர் மூளைக்குள் மின்முனையைப் பதித்து அங்கேயே தங்கவைக்கும் அறுவையைச் செய்தார்; இந்தியாவில் அதுதான் முதல். சூடுவைத்து அவித்த திசு திரும்பி வராது. மின்முனை அப்படியில்லை. மின்சாரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், ஒத்துவரவில்லை என்றால் நிறுத்தலாம். பன்னிரண்டு வருஷம் கழித்து, 1987-ல், கிரெனோபிளில் பெனாபிட், சூடுவைப்பதற்கு முன் இடத்தைச் சரிபார்க்கக் கொடுக்கும் அந்த மின்சாரத்தையே வேகமான துடிப்பில் விடாமல் கொடுத்தால் நடுக்கம் நிற்கும் என்று காட்டினார். அதன்பிறகுதான் ஆழ்மூளைத் தூண்டல் உலகச் சிகிச்சை ஆனது. சரிபார்க்கக் கொடுத்த மின்சாரத்தில் கை நிற்பதை அதற்கு முன் எத்தனையோ தியேட்டர்களில் பார்த்திருப்பார்கள். 1990-ல் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற கனகா, பிற்காலத்தில் அம்மா அப்பா பெயரில் ஏழைகளுக்காக ஒரு மருத்துவ அறக்கட்டளையை நடத்தினார்.

இப்போது துளையே வேண்டாம் என்று ஆகிவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முனைகளிலிருந்து அல்ட்ராசவுண்ட் அலைகளை மண்டையோட்டின் வழியே அனுப்பி, எல்லாம் ஒரே புள்ளியில் கூடும்படி செய்து, அந்த இடத்தை மட்டும் சுடுகிறார்கள். எம்.ஆர்.ஐ. திரை வெப்பத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். நடுக்கத்துக்கு இதை அமெரிக்கா 2016-ல் அனுமதித்தது, இந்தியாவுக்கும் வந்துவிட்டது. சுடும் இடம் எது தெரியுமா? தாலமஸில், ஜி.எச்.சில் பென்சில் கோடு போட்டுத் தேடினார்களே, அதே இடம்தான். அறுவையே இல்லாத சிகிச்சை என்று இதைப் பற்றிப் பேசுகிறார்கள். மொட்டை உண்டு, ஆணி முடுக்கிய சட்டம் உண்டு, அவிந்த திசுவும் உண்டு. ரத்தம் மட்டும் இல்லை.

மின்முனையா, அல்ட்ராசவுண்டா, பழைய சூடா, தேர்வு இன்னமும் லேசாக இல்லை. மின்முனைக்குப் பல லட்சம் ஆகும். காறை எலும்புக்குக் கீழே பதித்த பேட்டரி சில வருஷத்தில் தீரும். மின்சாரத்தின் அளவைத் திருத்த மாதக்கணக்கில் மருத்துவரிடம் போய்வர வேண்டும். திருத்திக்கொள்ளலாம் என்ற வசதி திரும்பத் திரும்ப சென்னைக்கு வர முடிகிறவருக்கே. கமுதிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து மகனோடு வரும் பெரியவருக்கு ஒரு தடவையில் முடியும் பழைய சூட்டு முறைதான் சரி என்று ஒரு மருத்துவர் சொன்னால், அதைப் பின்தங்கிய வைத்தியம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு பக்கமும் சுட்டால் பேச்சும் விழுங்குவதும் கெட்டுப்போகும் அபாயம் இருப்பதால் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் செய்வார்கள். மூளையின் இடப்பக்கம் வலக்கைக்கு, வலப்பக்கம் இடக்கைக்கு. எனவே மருத்துவர் மகனைப் பார்க்காமல் பெரியவரைப் பார்த்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது: "ஐயா, உங்களுக்கு எந்தக் கை வேணும்?"